மழைக்கும் வறட்சிக்கும் ஒரே குழாய்

சென்னை நாளிதழ்களில் ஏரிகளின் நீர்மட்டம் நாள் தவறாமல் வருகிறது. பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. இன்றைய இருப்பு இவ்வளவு, போன வருடம் இதே நாளில் இவ்வளவு. பல வீடுகளில் பெரியவர்கள் இந்தப் பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் அரசியலுக்குப் போவார்கள். ஏரி நிரம்பினால் கோடையைப் பற்றிக் கவலை இல்லை, வற்றினால் லாரித் தண்ணீருக்கு அலைய வேண்டும். ஊரின் தண்ணீர்க் கவலை முழுவதும் இந்த நான்கு எண்களுக்குள் அடங்கிவிட்டதாக நமக்கு ஒரு நினைப்பு.

உள்ளே வரும் தண்ணீருக்கு இவ்வளவு கணக்குக் கேட்கும் நாம், வெளியே போகும் தண்ணீருக்கு ஒரு கணக்கும் கேட்பதில்லை. நகரமெங்கும் நூற்றுக்கணக்கான கழிவுநீர் உந்து நிலையங்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கழிவுநீர் வந்து சேரும் அவற்றின் கிணறுகளில் இன்று எவ்வளவு நின்றது, எத்தனை பம்புகள் ஓடின, எந்த நிலையம் திணறியது என்று எந்தப் பத்திரிகையிலும் வராது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போவதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது.

நான் சிவில் படித்துவிட்டுக் கழிவுநீர்க் குழாய்களுக்கு விட்டமும் சரிவும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தொழில் இல்லை. ஆனால் பருவநிலை மாற்றம் இந்த ஊரில் எங்கே வந்து இறங்குகிறது என்று கேட்டால், நான் ஏரிக்கரைக்கு அழைத்துப் போக மாட்டேன். தெரு நடுவில் இருக்கும் வட்ட மூடியைக் காட்டுவேன். வறட்சி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அடி வாங்குவது அதன் கீழே ஓடும் அதே குழாய்தான்.

கணக்கு எளிமையானது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுக்கிறோம். அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பி வரும். இந்தியப் பெருநகரம் எதன் பாதாள சாக்கடைத் திட்ட அறிக்கையைப் புரட்டினாலும் ஏறக்குறைய இந்த எண்கள்தான் இருக்கும். அந்த நீர் மோட்டார் இல்லாமல் தன் எடையாலேயே சரிவில் ஓட வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் குளியல் நடக்கும் காலை நேரத்திலாவது வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். தொட்டால், இரவெல்லாம் அடியில் படிந்த மணலும் மலமும் அடித்துக்கொண்டு போகும். தொடாவிட்டால் படிந்தது படிந்ததுதான். சென்னையோ தட்டையான ஊர். சரிவு கொடுக்கக் கொடுக்கக் குழாய் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இனித் தோண்ட முடியாது என்ற இடத்தில் ஒரு கிணறு கட்டி, பம்பு வைத்து மேலே ஏற்றி, அடுத்த நிலையத்துக்குத் தள்ளுவார்கள். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய சுத்திகரிப்பு நிலையங்களைச் சேரும்வரை இப்படியே இறங்குவதும் ஏறுவதுமாகப் போகும்.

பழைய நகரத்தின் பாதாள சாக்கடை 1910-இல் வடிவமைக்கப்பட்டது. 1961-இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று அன்றைக்குக் கணக்கிட்டார்கள். 1961 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது வருடம் தள்ளி ஒரு நகரத்தை யார் பார்க்க முடியும்? பின்னால் வந்தவர்கள் பெரிய குழாய்களைப் போட்டு, உந்து நிலையங்களைக் கூட்டிச் சமாளித்தார்கள். மக்கள்தொகை ஒரே திசையில்தான் ஏறும் என்பதால் அந்தத் தவறுக்கு மருந்து இருந்தது. மழையின் கணக்கு தவறும்போது அந்த மருந்து வேலை செய்யாது. வெள்ளத்துக்குப் போதும்படி பெரிய குழாய் போட்டால் வறட்சியில் அதற்குள் நீர் நூலாக ஓடும், வேகம் கிடைக்காது. வறட்சிக்குத் தோதாகச் சின்னக் குழாய் போட்டால் ஒரே மழையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இரண்டும் ஐந்து வருட இடைவெளிக்குள் ஒரே தெருவில் நடந்தால் வடிவமைப்பவன் எந்த எண்ணை எழுதுவான்?

அப்படித்தான் நடந்தது. 2015-இல் மூழ்கிய ஊர் 2019-இல் வறண்டது.

2018-இன் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூடத் தண்ணீர் இல்லை. வழக்கமாக நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் போன இடத்தில் சுமார் 52 கோடி லிட்டர்தான் கொடுக்க முடிந்தது. கல்குவாரிக் குட்டைகளிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். காலிக் குடங்களின் வரிசை உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

அதே மாதங்களில் குழாய்க்குள் நடந்ததைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. தண்ணீர் குறைந்தால் குளியல் குறையும், துணி துவைப்பது தள்ளிப்போகும், வீடு கழுவுவது நிற்கும். மலம் குறைவதில்லை. அள்ளிக்கொண்டு போக வேண்டிய நீர் குறைந்துவிட, அள்ள வேண்டியது அப்படியே இருக்கிறது. அது வழியிலேயே படிகிறது. காற்றில்லாமல் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அந்த வாயு குழாயின் மேற்புறத்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அமிலம் கான்கிரீட்டைத் தின்னும். பழைய குழாய் ஒன்றை வெட்டி எடுத்துப் போட்டிருந்ததை ஒருமுறை கிட்டே நின்று பார்த்தேன். அடிப்பகுதி போட்ட நாளில் இருந்ததுபோல் வழுவழுப்பாக இருந்தது. மேற்பகுதியில் சிமெண்ட் கரைந்து ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு நின்றது. விரலால் தட்டினால் ஈர வெல்லம்போல் உதிர்ந்தது. நல்ல நாளிலும் இந்த அரிப்பு உண்டு. வெயிலும் வறட்சியும் அதைத் துரிதப்படுத்துகின்றன, ஏனென்றால் சூடு ஏற ஏற அழுகலும் வேகமாக நடக்கும். என்றோ ஒரு நாள் மேலே பஸ் போகும்போது சாலை உள்வாங்குகிறது. பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைத்து, படம் பிடித்து, மழையால் ஏற்பட்டது என்று செய்தி போடுகிறார்கள். பாதி வேலையை அதற்கு முந்தைய கோடைகள் முடித்திருக்கும்.

வாயு கான்கிரீட்டை மட்டும் தின்பதில்லை. அடைப்பு எடுக்க உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதனை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அப்படியும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஜெட்ராடிங் இயந்திரங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆனால் அடைப்பை உடைக்க அவையும் தண்ணீரைத்தான் பீய்ச்சி அடிக்க வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையில் சாக்கடைக்கு எங்கிருந்து தண்ணீர் பிடிப்பது? கழிவுநீரையே வடிகட்டி மறுபடி பீய்ச்சும் வண்டிகள் வந்திருக்கின்றன. எல்லாத் தெருவுக்கும் போதும்படி வரவில்லை.

பாதாள சாக்கடையே போய்ச் சேராத புறநகர்ப் பகுதிகளின் கதை வேறு. அங்கே ஒரு லாரி நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறது, இன்னொரு லாரி கழிவுத் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகிறது. இரண்டாவது லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இனி மழைக்கு வருவோம்.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக ஆக, ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். வங்காள விரிகுடாவும் சூடாகிக்கொண்டு வருகிறது. ஆண்டு மழையின் மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். மூன்று வாரங்களில் பரவிப் பெய்ய வேண்டியது மூன்று நாளில் கொட்டித் தீர்க்கும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. சென்னையின் ஓராண்டுச் சராசரியே சுமார் 140 செ.மீ.தான். ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். எப்போது திறந்தார்கள், ஏன் முன்கூட்டித் திறக்கவில்லை என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதில் நியாயமான கேள்விகள் உண்டு. என் அக்கறை அந்த நீர் தெருவுக்கு வந்தபிறகு எங்கே போனது என்பதில்.

மழைநீர் வடிகால் வேறு, பாதாள சாக்கடை வேறு. காகிதத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. வடிகாலை எந்த மழைக்கு அமைப்பது என்பதற்கும் விதி உண்டு. 2019-இல் புதியது வரும்வரை நடப்பில் இருந்த மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, நகரத்தின் ஓரப்பகுதிகளில் வடிகால் ஆண்டுக்கு இரண்டு முறை நிரம்பி வழியலாம் என்று இருந்தது. மையப் பகுதியில் ஒரு முறை. வணிகப் பகுதியிலும் நிலத்தின் விலை உயர்ந்த பகுதியிலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிலத்தின் விலையைப் பார்த்து முழங்கால் நனைய வேண்டுமா கூடாதா என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் உண்மையில் உறுத்துவது வேறொன்று. "ஆண்டுக்கு ஒரு முறை" பெய்யும் மழை எவ்வளவு என்பதைக் கடந்த பல பத்தாண்டுகளின் பதிவேட்டிலிருந்து எடுக்கிறோம். பதிவேட்டில் இருப்பது பழைய கடலின் மழை.

வடிகால் போதவில்லை என்றால் நம் மக்கள் சும்மா நிற்பதில்லை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு நவம்பர் காலை இருவர் கடப்பாரையோடு வந்தார்கள். கலங்கிய நீருக்கடியில் மூடி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிக் கண்டுபிடித்து, விளிம்பில் கடப்பாரையைச் செருகி நெம்பினார்கள். மூடி நகர்ந்ததும் பெரிய பெரிய காற்றுக் குமிழிகள் கொப்பளித்தன. பிறகு நீர் சுழன்று இறங்கத் தொடங்கியது. மாடியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு தென்னை மட்டையில் சிவப்புத் துணி கட்டிப் பக்கத்தில் செருகிவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் எங்கள் வாசல் தெரிந்தது. அதே ஒரு மணி நேரத்தில், நான்கு தெரு தள்ளித் தாழ்வான இடத்தில் இருக்கும் என் அக்கா வீட்டின் தரைத்தளக் குளியலறையில் சல்லடை வழியாகக் கறுப்பு நீர் ஏறி வந்தது. அக்கா போன் செய்து, மழைத் தண்ணீர் வாசல் வழியாகத்தானே வரும், இது ஏன் உள்ளேயிருந்து வருகிறது என்று கேட்டாள். எங்கள் தெருவிலிருந்துதான் வருகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆளுக்கு 108 லிட்டருக்காகப் போட்ட குழாயில் ஒரு தெருவின் மழையை இறக்கினால் அது எங்காவது வெளியே வந்துதானே ஆக வேண்டும். மூடியைத் திறப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது மொட்டைமாடியில். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது தோண்டிய குழிகள் பலவற்றில் மண் நிரம்பிவிட்டது. மாடித் தண்ணீர் வாசலில் தேங்குகிறது என்று யாரோ ஒரு பிளம்பர் அந்தக் குழாயைத் திருப்பி வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிட்டிருப்பார். அரை நாள் கூலிக்கு நடந்த காரியம். ஆயிரம் சதுர அடி மாடியில் பத்து செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கும் மேல். நான்கு பேர் உள்ள குடும்பத்தின் மூன்று வாரக் கழிவுநீர் ஒரே நாளில் குழாய்க்குள் போகிறது. இப்படி எத்தனை மாடிகள்!

உந்து நிலையமும் அந்த நேரம் பார்த்துத்தான் கைவிடும். வெள்ளம் வந்தால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஜெனரேட்டர் இருக்கும், டீசல் வண்டி தண்ணீரைக் கடந்து வர முடியாது. சில இடங்களில் மின்பலகையே இடுப்பளவு உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும், ஏனென்றால் கட்டிய காலத்தில் அந்த உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பலகையைத் தூக்கி வைப்பதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை, ஓர் இரும்புச் சட்டமும் கொஞ்சம் கேபிளும் போதும். திறப்பு விழா நடத்த முடியாத வேலை என்பதுதான் அதன் குறை.

குடிநீர்க் குழாயும் இதே தெருவில், பல இடங்களில் இதே பள்ளத்தில்தான் போகிறது. நம் ஊரில் குடிநீர் 24 மணி நேரமும் வருவதில்லை. வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. பழைய மூட்டுகளின் கசிவு வழியாக வெளியிலிருக்கும் நீர் உள்ளே போகும். போதாததற்கு வீட்டு மோட்டார்கள் வேறு குழாயை உறிஞ்சுகின்றன. வெளியே கழிவுநீர் கலந்த வெள்ளம் நிற்கும்போது என்ன உள்ளே போகும் என்று விளக்க வேண்டியதில்லை. குளோரினைக் கூட்டிப் போடுவார்கள், அதுவும் வெப்பத்தில் சீக்கிரம் கரைந்துபோகும். 2015 வெள்ளம் வடிந்த வாரங்களில் ஊர் முழுக்கத் தரைத்தொட்டிகளைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது, கொந்தளித்த கடல் ஆற்று நீரை உள்ளே வாங்க மறுத்தது. அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு மூன்றின் முகத்துவாரங்களிலும் வெள்ளம் வடியாமல் திணறியது. கடல்மட்டம் உயர உயர, இது புயல் நாளுக்கு மட்டுமான பிரச்சினையாக இருக்காது. நிலத்துக்கு அடியிலும் உப்பு நகர்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகள் ஆழ்குழாய்க் கிணறுகளில் அளவின்றி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடலோரப் பகுதிகளில் அந்த உப்பு நீர் விரிசல் விட்ட சாக்கடைக் குழாய்களுக்குள்ளும் கசியும். கழிவுநீர் உப்பாகிவிட்டால் அதைத் திரும்பப் பயன்படுத்துவதும் கடினம்.

இத்தனைக்கும் விடையாக நாம் கட்டிக்கொண்டிருப்பது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். 2010-இல் மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2013-இல் நெம்மேலியில் 10 கோடி, 2024-இல் அங்கேயே மேலும் 15 கோடி. அடுத்ததாகப் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஆலை. இவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2019-இல் அந்த இரண்டு ஆலைகளும் இல்லாதிருந்தால் ஊரை ஒரு பகுதி காலி செய்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. பத்துக் கோடி லிட்டருக்கு நாள்தோறும் மூன்று நான்கு லட்சம் யூனிட். அதில் பெரும்பகுதியை இன்னும் நிலக்கரிதான் கொடுக்கிறது. அப்படி வாங்கிய தண்ணீரைக் குளித்துவிட்டு, ஒரே முறை பயன்படுத்தி ஆற்றில் விடுகிறோம்.

மணலியின் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990களிலிருந்தே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தி வருகின்றன. 2019 இறுதியில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை, அதாவது வழக்கமான சுத்திகரிப்பைத் தாண்டி இன்னும் ஒரு படி, சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. கடல்நீரைவிட உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரமும் குறைவு. தொழிற்சாலை அந்த நீரை எடுத்துக்கொண்டால் அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் வீட்டுக்கு மிஞ்சும். இந்த ஊரில் நடந்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன். ஆனால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தானே இதெல்லாம்? வறட்சியில் அது வழியில் தேங்குகிறது. மழையில் பல மடங்கு நீர்த்துப்போய் வருகிறது, நிலையம் தாங்காமல் பாதியை அப்படியே ஆற்றில் விட வேண்டியிருக்கிறது. அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிரிகளுக்கு ஒரு கோடையில் கெட்டிக் கஞ்சியும் அடுத்த மழையில் வெறும் தண்ணீரும் கொடுத்தால் அவை தாக்குப்பிடிப்பதில்லை.

ஆகவே குழாயைப் பார்க்க வேண்டும் என்கிறேன். மழைநீரை அதிலிருந்து பிரிப்பதுதான் முதல் வேலை. எங்கள் குடியிருப்பில் இதைச் செய்ய இரண்டு சங்கக் கூட்டங்கள் தேவைப்பட்டன. மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், தெருவே சாக்கடையில் மழையை விடும்போது நாம் மட்டும் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கடைசிவரை கேட்டார். மாடிக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வெட்டி, தூர்ந்துபோயிருந்த பழைய கிணற்றைத் தூர்வாரி அதில் விட்டோம். தரைத்தள வீடுகளுக்கு ஒருவழி வால்வு போட்டோம். அக்கா வீட்டுக்கும் ஒன்று போட்டாயிற்று.

ஊர் அளவில் செய்வதற்கும் முறை உண்டு. சாக்கடைக் குழாய்க்குள் தீங்கில்லாத புகையை ஊதுவார்கள். எந்த வீட்டு மாடிக் குழாய் வழியாகப் புகை வெளியே வருகிறதோ, அந்த வீடு மழைநீரைச் சாக்கடையில் விடுகிறது என்று அர்த்தம். ஒரு தெருவுக்கு ஒரு பகல் போதும். ஒரு புகை இயந்திரம், நான்கு ஆட்கள், ஒரு கேமரா. ஆகஸ்ட், செப்டம்பரில், பருவமழைக்கு முன் செய்ய வேண்டும். செலவு பெரிதில்லை, சண்டைதான் பெரிதாக இருக்கும். எங்கள் வார்டில் இதைச் செய்து பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் மாடிக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எதிர்வீட்டு மாடியிலிருந்து புகை வருவதைப் பார்க்க வேண்டுமாம்.